தங்கச்சி கடைக்கு வந்த வக்கீல் லெட்டர்

கேள்வி: என் தங்கச்சி நியூயார்க்ல இருக்கா. பட்டுப்பாவாடை, கவரிங் நகைன்னு சின்னதா ஒரு வெப்சைட் போட்டு விக்கிறா. போன வாரம் ஒரு வக்கீல் லெட்டர் வந்திருக்கு, கண்ணு தெரியாத ஒருத்தரால இவ சைட்ல வாங்க முடியலயாம், கேஸ் போடுவாங்களாம். ஒரே அழுகை. கண்ணு தெரியாதவங்க ஆன்லைன்ல எப்படிங்க வாங்குவாங்க? இது காசு பறிக்கிற வேலைதானே?
- ஒரு அண்ணன், தஞ்சாவூர்

பதில்: முதல்ல அந்த லெட்டரை அப்படியே போட்டு வைக்க வேணாம்னு சொல்லுங்க, அவங்களா பதிலும் எழுத வேணாம், அங்க இந்த மாதிரி கேஸ் பாக்குற வக்கீல்கிட்ட உடனே காட்டணும்.

அடுத்து, கண்ணு தெரியாதவங்க தாராளமா வாங்குறாங்க. என் ஃப்ரெண்டுக்குப் பிறவியிலயே பார்வை கிடையாது, திரையில இருக்கறத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் வச்சு அவ தட்டுற வேகத்துக்கு என்னால காது குடுக்கக்கூட முடியாது. ஒருநாள் அவகூட உக்காந்து ஒரு கடை சைட்ல பெட்ஷீட் தேடினோம், படத்துக்கெல்லாம் பேரே எழுதல, அதனால ஃபைல் நம்பரா வாசிக்குது, அப்புறம் "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும் சொல்லுது, எது கார்ட் எது டெலீட்னு தெரியல, முக்கா மணி நேரம் போராடி கடைசில பணம் கட்டுற இடம் மவுஸ் இல்லாம நகரவே இல்ல. லேப்டாப்ப மூடிட்டு எழுந்து போயிட்டா. அந்த முகத்த பாத்தப்புறம் இத காசு பறிக்கிற வேலைன்னு மட்டும் என்னால சொல்ல முடியலங்க.

சட்டத்துக்கு வருவோம். ஏடிஏன்னு சொல்ற மாற்றுத்திறனாளிகள் சட்டம் அமெரிக்கால 1990ல வந்தது, அப்போ ஆன்லைன் கடையே கிடையாது, அதனால வெப்சைட்டும் கடை கணக்கான்னு கோர்ட்ல இன்னும் இழுபறிதான். 2006ல பார்வையற்றோர் சங்கம் டார்கெட் கடை மேல கலிஃபோர்னியால கேஸ் போட்டாங்க, இதே படம், மவுஸ் பிரச்சனைதான், 2008ல 60 லட்சம் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டு முடிச்சாங்க. டோமினோஸ்ல பீட்சா ஆர்டர் பண்ண முடியலன்னு ஒருத்தர் போன கேஸ்ல, சைட்டுக்கும் ஆப்புக்கும் சட்டம் செல்லும்னு 2019ல அப்பீல் கோர்ட் சொல்லிருச்சு, சுப்ரீம் கோர்ட் அத எடுக்கவே இல்ல. ஆனா ஃபுளோரிடால வின்-டிக்ஸிங்கற சூப்பர்மார்க்கெட்டோட சைட் மேல கேஸ் போட்டு 2017ல ஜெயிச்ச பார்வையில்லாத ஒருத்தர் 2021ல அப்பீல்ல தோத்தாரு, அதே வருஷக் கடைசில அந்தத் தீர்ப்பையும் ரத்து பண்ணிட்டாங்க.

உங்க சந்தேகத்துலயும் நியாயம் இருக்கு. ஏடிஏ கீழ தனிஆள் கேஸ் போட்டா அவருக்கு நஷ்டஈடு கிடையாது, சைட்ட சரி பண்ணுன்னு ஆர்டரும் வக்கீல் ஃபீஸும்தான். மாநில சட்டத்தயும் சேத்துக்கிட்டா பணம் கேக்கலாம், கலிஃபோர்னியால குறைஞ்சபட்சம் 4,000 டாலர். அதனாலதான் சில வக்கீலுங்க ஒரே மாதிரி கேஸா அடுக்குறாங்க, சின்ன கடைக்காரங்க பயந்து செட்டில் பண்றாங்க. அது தப்புதான். அதுக்காக உங்க தங்கச்சி சைட்ல குறை இல்லன்னு ஆயிடாதே.

கேள்வி: ஒரு கம்பெனி, மாசாமாசம் பணம் கட்டி விட்ஜெட்னு ஒரு ரெடிமேட் சாஃப்ட்வேர சைட்ல போட்டா, குறையெல்லாம் தானா சரியாயிடும், கேஸே வராதுன்னு சொல்லுதாம். போடலாமா?
- அதே அண்ணன்

பதில்: வேணாங்க. விட்ஜெட் போட்ட கடைங்க மேலயும் கேஸ் வந்திருக்கு. இப்படி எல்லாம் சரியாயிடும்னு வித்த ஆக்ஸசிபி கம்பெனிய, சொன்னது பொய்னு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025ல 10 லட்சம் டாலர் கட்ட வச்சது. அந்தக் காசுக்கு விஷயம் தெரிஞ்ச ஒரு டெவலப்பரைப் பிடிச்சு சைட்டையே சரி பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சா பார்வையில்லாத ஒருத்தர்கிட்ட காசு குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரியே தங்கச்சிய மவுஸ கழட்டி வச்சுட்டு டேப், என்டர் கீ மட்டும் வச்சு அவங்க கடையில ஒரு பாவாடை வாங்கிப் பாக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு படத்துக்கும் "அரக்கு கலர் பட்டுப்பாவாடை, பச்சை பார்டர், 2 வயசு சைஸ்"னு அவங்களே எழுதிடலாம், தன் பொண்ணுக்கு கலர் பாத்து எடுக்கணும்னு பார்வையில்லாத அம்மாவுக்கும் ஆசை இருக்கும்ல.