வெளிநாட்டில் ரோமிங் செலவு ஏன் எகிறுகிறது? எப்படிக் குறைப்பது?

நம் சிம் வெளிநாட்டில் அந்த ஊர் கம்பெனியின் டவரைக் கடன் வாங்கி வேலை செய்வதுதான் ரோமிங். அந்தக் கம்பெனி நம் கம்பெனியிடம் வாடகை கேட்கும். நம் கம்பெனி தன் பங்கையும் சேர்த்து நம்மிடம் வாங்கும். காரைக்குடிப் பக்கத்தில் உண்டியல் என்றால் சட்டென்று புரியும்; கோயில் உண்டியல் இல்லை, அந்தக் காலத்தில் பணம் அனுப்ப எழுதிய சீட்டு. இங்கே எழுதிய சீட்டுக்கு ரங்கூன் கடையில் பணம் கொடுத்தார்கள், கணக்கை இரு கடைகளும் பிறகு தீர்த்துக்கொண்டன, நடுவில் கமிஷனும் இருந்தது. அதே கணக்குதான் இதுவும்.

எங்கள் அப்பத்தா திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறுமுன், அவர் போனில் 'டேட்டா ரோமிங்' பொத்தானை நானே அணைத்துக் கொடுத்தேன். இது மிக முக்கியம். நாம் தொடாவிட்டாலும் போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் பின்னால் டேட்டாவைத் தின்னும்.

நாலைந்து நாள் பயணமென்றால் கிளம்புமுன்பே ரோமிங் பேக் போடுங்கள். அதற்கு மேல் தங்குவதானால் அந்த ஊர் சிம்தான் லாபம். மலேசியா, சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். இரண்டு சிம் போனானால் நம்ம ஊர் சிம்மைக் கழற்றாதீர்கள், பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். ஆனால் அதில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு, மறக்க வேண்டாம்.

சிம் மாற்றினால் வாட்ஸ்அப் எண்ணும் மாறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நாமாக மாற்றாதவரை பழைய எண்ணிலேயே ஓடும்.