தலைமையாசிரியரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பத்தாம் வகுப்புத் தேர்வைக் காட்டியே பசுமைப் பள்ளித் திட்டத்துக்குத் தலைமையாசிரியர் மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பயம் நியாயமானதுதான். பத்தாம் வகுப்பைத் தொடவே வேண்டாம். எட்டும் ஒன்பதும் போதும்.

டில்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் இந்தத் திட்டம், பள்ளியின் காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என ஆறையும் மாணவர்களைக் கொண்டு தணிக்கை செய்யச் சொல்கிறது. நீங்கள் நீரை மட்டும் முதலில் எடுங்கள். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு மணி நேரம் வாளி வைத்து, சேர்ந்த நீரை 24ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. இது கணக்குப் பாடமேதான் என்று சொல்லி, அந்தத் தாளை அவர் மேசையில் வையுங்கள்.

மரக்கன்று விழாவோடு மட்டும் தொடங்காதீர்கள். எங்கள் பள்ளியில் ஒரே குழியில் மூன்று ஆண்டுகள் நட்டோம்!