கொட்டகைக் கேள்விகள்: மாடு ஏன் படுக்க மறுக்கிறது?

கேள்வி: ஐயா, எங்களிடம் ஆறு கறவை மாடுகள், எல்லாம் மாஃப்ரிவால் (ஃப்ரீசியன், சாஹிவால் கலப்பு). வெயில் காலத்துக்காகப் பனிபோல் நீர் தூவும் விசிறிகள் இரண்டு மாட்டினோம். அப்படியும் மதியத்தில் வாயைத் திறந்து இரைக்கின்றன. படுப்பதே இல்லை. பாலும் இறங்கிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: பினாங்கில் நமக்கு ஏதம்மா தனியாக ஒரு வெயில் காலம்? பகலில் 32 டிகிரி. இரவிலும் 24க்குக் கீழே இறங்குவது அபூர்வம். வறண்ட ஊர்களில் நீர்த்தூசி காற்றைக் குளிரவைக்கும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அந்தத் தூசி ஆவியாகாமல் மயிர் நுனியிலேயே தங்கிவிடுகிறது. உடம்புச் சூடு வெளியேற வழியில்லை.

இந்தத் தப்பை நானும் செய்தவன்தான். புக்கிட் மெர்தாஜாமில் கொட்டகை போட்ட புதிதில், விற்றவர் பேச்சை நம்பி இதே விசிறியை வாங்கினேன். ஒரே வாரத்தில் படுக்கை சொதசொதத்து, இரண்டு மாடுகளுக்கு மடிநோய். ஊரிலிருந்து வந்த அம்மா, முதுகு மயிருக்குள் விரல்களை விட்டுப் பார்த்தார். "மேலேதான் ஈரம், அடியில் கொதிக்கிறதே" என்றார். அன்றைக்கே கழற்றினேன்.

சாதாரண ரப்பர் குழாயால், பெரிய துளிகளாக, தோள்களையும் முதுகையும் தோல்வரை ஒரு நிமிடம் நனையுங்கள். மடிக்கு வழியும் முன் நிறுத்திவிடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் விசிறிக் காற்று. காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். தோலில் உள்ள ஈரம் காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். இதைப் படுக்கும் இடத்தில் செய்யாதீர்கள். தீனித் தொட்டிக்கு முன்னால், நீர் வடிந்தோடும் சிமெண்டுத் தரையில் செய்யுங்கள்.

எப்போது நனைப்பது? விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் குழாயை எடுக்க வேண்டியதுதான். 80ஐத் தாண்டினால் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு ஓடுங்கள்.

படுக்காமல் நிற்பதை அடம் என்று நினைத்துக் குச்சியை எடுப்பவர்கள் உண்டு, பாவம். நின்றால் வயிற்றுக்கும் காற்று படுகிறது, அதனால் நிற்கிறது. நாளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் படுக்க வேண்டிய உயிர் அது. நேப்பியர் புல்லை நண்பகலில் போடாதீர்கள். செரிக்கும்போது வயிற்றுக்குள் சூடு பிறக்கும். பெரும்பங்கை மாலையிலும் விடியலுக்கு முன்னும் போடுங்கள்.

கேள்வி: தகரத்தைக் கழற்றிவிட்டு அத்தாப்பு, அதாவது ஓலைக் கூரை போடலாமா?
– வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: குளிர்ச்சிதான், ஆனால் சில ஆண்டுகளில் உளுத்துவிடும், வேயத் தெரிந்த ஆளும் கிடைப்பதில்லை. தகரத்தின் மேல்பக்கம் வெள்ளை அடியுங்கள். முகட்டில் ஒரு முழம் திறந்துவிட்டு, மழை இறங்காதபடி அதன்மேல் சிறு கூரை வையுங்கள். குடிநீர்த் தொட்டி வெயிலில் இருந்தால் அதையும் நிழலுக்கு நகர்த்துங்கள். மதியம் இரண்டு மணிக்கு அதில் கையை விட்டுப் பார்த்தால் மாடு ஏன் முகத்தைத் திருப்புகிறது என்று தெரியும்.