கழிமுகப் படகுப் பயணம்: கேட்டதும் சொன்னதும்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படகேறிப் பறவைகளையும் விலங்குகளையும் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, பல வருடம் இதே பைத்தியமாகத் திரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: விடியற்காலையில் கிளம்பினால்தான் நிறையப் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

காட்டுக்கு அது சரி. கழிமுகத்துக்குப் பாதிதான் சரி. இங்கே உயிர்கள் வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பிட வருவதைவிட, சேறு எப்போது வெளியே தெரிகிறது என்று பார்த்து வருவதுதான் அதிகம். நண்டு, புழு, சிப்பி எல்லாம் அந்தச் சேற்றில்தான். அதனால் கடிகாரத்துக்கு முன்னால் ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள்.

பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஏழு மணிக்கு அருமையாக இருந்த இடம், ஒரு வாரம் கழித்து அதே ஏழு மணிக்கு முழுக்கத் தண்ணீராக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். சேறும் அதிகம் தெரியும்.

இன்னொன்று: அட்டவணையில் இருப்பது பெரும்பாலும் முகத்துவாரத்து நேரம். உள்ளே போகப் போக ஓதம் தாமதமாகத்தான் வந்து சேரும். எவ்வளவு தாமதம் என்பது அந்த ஆற்றைப் பொறுத்தது. அங்கே படகோட்டுகிறவருக்குத் தெரியும், அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் தண்ணீர் முழுக்க வற்றிய நேரம்தானே சிறந்தது?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முழுக்க வற்றினால் சேற்றுத்திட்டு பரந்துவிடும், பறவைகளும் பரவிவிடும். படகு நடு ஓடையில், பறவைகள் தொலைவில் புள்ளி புள்ளியாக. வற்றி முடிந்து தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. ஏறுகிற தண்ணீர் மிச்சமிருக்கும் திட்டுக்குப் பறவைகளை ஒதுக்கிக்கொண்டே வரும். நீங்கள் நெருங்க வேண்டாம், அவையே நெருங்கும்.

படகுக்கும் அதுதான் நல்லது. ஏறும்போது தரை தட்டினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அவ்வளவுதான். ஒருமுறை நான் அப்படி மாட்டிக்கொண்டு, கொசுக்கடியில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். படகோட்டி நிம்மதியாகத் தூங்கினார்.

கேள்வி: சேற்றில் நிற்கும் சின்னப் பறவைகள் எல்லாமே எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

நிறத்தை விடுங்கள், அலகையும் நடையையும் பாருங்கள். கொஞ்சம் ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அலகு குட்டை, கண் பெரிது. கண்ணால் பார்த்து இரை எடுக்கிற ஜாதி. தலையைத் தூக்காமல் தையல் இயந்திரம் மாதிரி குத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் உள்ளான். நீண்ட அலகை ஆழமாகச் செருகினால் மூக்கன் வகை. அலகின் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் ஒவ்வொன்றுக்கும் இரை இருப்பதால்தான் ஒரே திட்டில் இத்தனை வகையும் சண்டையில்லாமல் மேய்கின்றன.

கேள்வி: பறவைக் கூட்டம் ஒன்றாக எழுந்து பறப்பதைப் படம் எடுக்க ஆசை. படகைக் கொஞ்சம் நெருக்கமாக விடச் சொல்லலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன், பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அப்படிப் பறக்க உடம்பில் கொழுப்பு வேண்டும். அதைச் சேர்க்க அவற்றுக்குக் கிடைப்பது சேறு தெரிகிற சில மணி நேரம்தான். நம் படத்துக்காக ஒருமுறை கிளப்பினால் தின்ற நேரமும் வீண், பறந்த சக்தியும் வீண். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். உடனே பின்வாங்கச் சொல்லுங்கள். பொறுமையாக இருந்தால் வல்லூறோ பருந்தோ வந்து அந்த வேலையைச் செய்யும், படமும் கிடைக்கும்.

கேள்வி: நீர்நாய், ஓங்கில் (டால்பின்) பார்க்க ஏதாவது வழி?

நீர்நாய்க்கு உடம்பைத் தேடாதீர்கள். அமைதியான ஓடையில் தண்ணீரைக் கீறிக்கொண்டு வரும் கோட்டைத் தேடுங்கள். அதன் நுனியில் தட்டையான தலை இருக்கும். ஓங்கிலுக்குக் காதுதான். இன்ஜினை நிறுத்தினால் ‘புஸ்’ என்று மூச்சு விடும் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் முதுகு தெரியும். துரத்தினால் போய்விடும். முன்னால் குறுக்கே போகவும் கூடாது.

கேள்வி: சேற்றில் வாயைத் திறந்தபடி ஒரு முதலை படுத்திருந்தது. எங்களை மிரட்டியதா?

பெரும்பாலும் இல்லை. வெயிலில் தலை சூடேறாமல் இருக்க வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். அதற்காகக் கையைத் தண்ணீரில் விட்டு அளைய வேண்டாம். உவர்நீர் முதலை இருக்கிற ஆற்றில் நீங்கள் பார்த்த முதலை கவலையில்லை, பார்க்காததுதான் கவலை.

கேள்வி: பத்து மடங்கு பைனாகுலர் வாங்கட்டுமா?

படகுக்கு எட்டு மடங்கு போதும். மடங்கு கூடக் கூட ஆட்டமும் கூடும். அப்புறம், முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு நேரே கைக்கு ஏறும். விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன தடவை ஒன்றுமே தென்படவில்லை. குழந்தைகள் சலித்துப்போனார்கள்.

தண்ணீர் வற்றி, திரும்ப ஏறத் தொடங்கும்போது கரையோரம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அலையாத்தி மர வேர்களின் அடியில், வெப்பமான ஊர்களில், தண்ணீரை விட்டு வெளியே வந்து சேற்றில் தாவும் மீன்கள் இருக்கும். ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடும். தோல் காயாமல் இருக்க அவ்வப்போது சேற்றில் புரளும். பக்கத்திலேயே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள், பெண் நண்டைக் கூப்பிட அதை ஆட்டிக்கொண்டிருக்கும். என் அக்கா மகன் ஒரு மணி நேரம் அந்த நண்டுகளுக்குத் திருப்பிக் கையாட்டிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே விராலடிப்பான் என்ற மீன்பிடிக்கும் பெரிய பறவை ஒரு மீனோடு போனதை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.