கட்டுவிரியன் யாருக்குப் பங்காளி?

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நச்சுப்பாம்புகளில் எலாப்பிடே (நல்லபாம்பின் குடும்பம்), வைப்பரிடே (கண்ணாடி விரியனின் குடும்பம்) என்ற இரண்டு குடும்பங்களைப் பாடம் எடுத்தேன். தேர்வில் பாதிப் பிள்ளைகள் கட்டுவிரியனைக் கண்ணாடி விரியனோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். வீட்டில் கேட்டதையெல்லாம் மறக்கவைத்துவிட்டுத்தான் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா?

– ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். மறக்கவைக்கவும் முடியாது. பிள்ளைகள் 'விரியன்' என்ற பெயரை நம்பி எழுதியிருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும், பல்லையும் நஞ்சையும் பார்த்தால் கட்டுவிரியன் நல்லபாம்புக்குத்தான் பங்காளி.

இந்தக் குழப்பம் மதிப்பெண்ணோடு போகிற விஷயமில்லை. விரியன் கடித்தால் வீங்கும், கடுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அது சரி. ரத்தமும் உறையாது. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்து, உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட இடம் பல நேரம் தெரியவே தெரியாது. ஏதோ பூச்சி என்று திரும்பிப் படுத்தவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். இமையைத் தூக்க வராது. அப்புறம் மூச்சு திணறும். வீங்கவில்லையே, விரியனாக இருக்காது என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சில ஊர்களில் இதற்கு எட்டடி விரியன் என்றே பெயர்; கடிபட்டவர் எட்டடி நடப்பதற்குள் விழுந்துவிடுவார் என்ற நம்பிக்கை. எட்டடிக்கு மேல் நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஆனால் உங்களுக்கு வேண்டிய பிடியும் அதே வீட்டில்தான் இருக்கிறது. 'பாம்பு கடிச்சவனைத் தூங்க விடாதே' என்று என் பாட்டி சொல்வார். உங்கள் பிள்ளைகளும் கேட்டிருப்பார்கள். நல்லபாம்பு கடித்தவருக்குக் கண் சொருகுவதைப் பார்த்த பெரியவர்கள் அதைத் தூக்கம் என்று நினைத்தார்கள். அது தசை செயலிழக்கும் வாதம், நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச்சேரவில்லை. இங்கிருந்து தொடங்குங்கள். இமையைச் சாய்க்கிற நஞ்சு ஒரு பக்கம், ரத்தத்தைக் கெடுக்கிற நஞ்சு ஒரு பக்கம். கட்டுவிரியனை எந்தப் பக்கம் வைப்பது என்று அவர்களே சொல்லட்டும். குடும்பப் பெயர் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

இது என் ஊகம் மட்டுமல்ல. உளவியல் ஆய்வாளர்கள் கிரெகரி மர்ஃபியும் பால் அலோபென்னாவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கற்பனையாக உருவாக்கிய வாகன வகைகளை ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பனிப்பாறையில் ஓடும், வெள்ளை நிறம், குளிர் தாங்கும் என்று ஒன்றுக்கொன்று பொருந்தும் குணங்கள் ஒரே வகையில் இருந்தபோது சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். அதே குணங்களைத் தொடர்பில்லாமல் கலந்து கொடுத்தபோது திணறினார்கள். ஏற்கெனவே தெரிந்த காரணம் ஒன்று அந்தக் குணங்களைக் கோத்துக்கொடுக்கிறது. எலாப்பிடே என்ற சொல்லைக் கோக்கப் பிள்ளைகளிடம் நூல் இல்லை. பாட்டி சொன்னதில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எந்தப் பாம்பென்று கண்டுபிடிக்க யாரும் அதைத் துரத்த வேண்டாம். இந்த நான்கு பாம்புகளுக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் போடுவது ஒரே மருந்துதான். தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது, கண் திறக்க முடியவில்லை என்றால், 108ஐ அழைத்துப் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சொல்ல அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடம் நடத்திவிட்டு எழுதுங்கள். அவர்கள் வீட்டில் வேறு என்னென்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்து.