டிரெய்லர் பேட்டரி ஏன் நிறைவதில்லை?

ஆஸ்திரேலியாவில் கேம்பர் டிரெய்லரோடு (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஊர் சுற்றும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

மெல்பர்னிலிருந்து கிராம்பியன்ஸ் மலை வரை மூன்று மணி நேரம் ஓட்டினோம். டிரெய்லரில் உள்ள 100 ஆம்ப்-ஹவர் ஏ.ஜி.எம். (ஈய-அமில வகை) பேட்டரி மறுநாள் காலையே இறங்கி, ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். கடையில் '6 எம்.எம். ஆட்டோ கேபிள்' என்று தருவார்கள். அந்த 6 மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். காரின் முன்பக்கத்திலிருந்து டிரெய்லர் பேட்டரி வரை 8 மீட்டர் என்றால், போக வர 16 மீட்டர். 25 ஆம்ப் ஓடும்போது அந்தக் கம்பியே ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். 14.2 வோல்ட்டில் புறப்பட்டது 12.7 ஆகத்தான் போய்ச் சேரும். ஏ.ஜி.எம். நிறைய 14.4 வோல்ட்டாவது வேண்டும்.

'6 பி அண்ட் எஸ்' என்ற தடிமன் அளவுள்ள கேபிள் போடுங்கள். அதில் 13.5 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கிறது. இழப்பு அரை வோல்ட்டாகக் குறையும். மிச்சக் குறையை டி.சி.-டி.சி. சார்ஜர், அதாவது குறைந்து வரும் வோல்ட்டேஜைப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றித் தரும் கருவி, சரிக்கட்டும். அதைக் காரில் வைக்காமல் டிரெய்லரில், பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் இன்ஜின் ஓடும்போது, சார்ஜர் முழு வேகத்தில் வேலை செய்யும்போது, கேபிளின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சும்மா நிற்கும்போது எடுத்த அளவு எதையும் காட்டாது.

காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஆண்டர்சன் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே கிரிம்ப் (கம்பியை முனையோடு நசுக்கிப் பிடித்த இணைப்பு) சரியில்லை.

பழைய காரில் ரிலே வைத்தே டிரெய்லர் பேட்டரி நிறைந்தது. புதுக் காருக்கு மாற்றியதும் அதே ரிலே வேலை செய்யவில்லையே?

ரிலேயில் கோளாறு இல்லை. வோல்ட்டேஜைப் பார்த்து இரு பேட்டரிகளையும் இணைத்துப் பிரிக்கும் தானியங்கி சுவிட்ச் அது. சுமார் 13.3 வோல்ட் வந்தால் இணைக்கும், 12.8-க்குக் கீழே போனால் பிரிக்கும். புதுக் கார்கள் பலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (வோல்ட்டேஜைத் தேவைக்கேற்ப மாற்றும், இன்ஜினால் சுழலும் மின்னாக்கி) இருக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க, கார் பேட்டரி ஓரளவு நிறைந்ததும் அது வோல்ட்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும். இன்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து ரிலே பிரித்துவிடுகிறது. ரிலேயை எடுத்துவிட்டு, இக்னிஷன் கம்பியால் இயங்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் போடுங்கள். நெகட்டிவ் கம்பியைக் கார் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேரடியாக மாட்டாமல் காரின் சேஸிஸில் (உலோகச் சட்டத்தில்) மாட்டுங்கள். முனையில் உள்ள சென்சாரைத் தாண்டிக் கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற காரின் கணக்கு தப்பும்.

ஃபியூஸ் ஒன்று போதுமா?

போதாது. கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் ஷார்ட் ஆனால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் கொட்டும். ஒவ்வொரு பாசிட்டிவ் முனைக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். 25 ஆம்ப் சார்ஜர் உள்ளே இழுப்பது 30-ஐத் தாண்டும் என்பதால் 40 ஆம்ப் பொருந்தும், கேபிள் அதைத் தாங்கும் என்றால். டிரெய்லருக்கு எர்த் டவ்பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) வழியாகக் கிடைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நெகட்டிவுக்கும் அதே தடிமனில் கேபிள் இழுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு மாறினால் பலன் உண்டா?

உண்டு. 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 24 முதல் 36 ஆம்ப்-ஹவர் இழுக்கும். வெயில் நாளில் இன்னும் கூடும். 100 ஆம்ப்-ஹவர் ஏ.ஜி.எம்.-மில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்கலாம். லித்தியத்தில் 80 வரை எடுக்கலாம். ஆனால் சார்ஜரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்க வேண்டும். பானெட்டுக்குள் வைக்கக் கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பனிக்காலத்தில் ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போகிறவர்கள் கவனிக்கவும். தூங்கும் இடத்துக்குள் திறக்காத வெளிப்பெட்டியில் வையுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. 240 வோல்ட் வயரிங் எதுவானாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

மடக்கும் சோலார் பேனலை டி.சி.-டி.சி. சார்ஜரின் சோலார் முனையில் மாட்டலாமா?

பேனலின் பின்னால் ரெகுலேட்டர் (பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தவிர்த்து, பேனலிலிருந்து நேரடியாக வரும் கம்பிகளை மாட்டுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெகுலேட்டர் இருந்தால் இரண்டும் குழம்பும். சார்ஜர் தாங்கும் அதிகபட்ச வோல்ட்டேஜைப் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள திறந்தசுற்று வோல்ட்டேஜோடு (எதையும் மாட்டாதபோது பேனல் தரும் வோல்ட்டேஜ்) ஒப்பிட்ட பிறகே இணையுங்கள்.