பெயரில்லாத எலக்ட்ரானிக்ஸ் கிட்: 8 கால் ஐசி (சிப்), 16 கால் ஐசி, 10 எல்இடி, ஒரு பட்டன். இது என்ன?

முதலில் ஐசி மேலுள்ள எண்களைப் படியுங்கள். மங்கலாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், எழுத்து பளிச்சென்று தெரியும். 8 காலில் 555, 16 காலில் 4017 என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 555 துடிப்புகளைத் தரும். 4017 அவற்றை எண்ணி, பத்து எல்இடிகளை ஒவ்வொன்றாக எரிய வைக்கும். பலகையில் 555-இன் 3-ஆம் காலிலிருந்து 4017-இன் 14-ஆம் காலுக்குத் தடம் ஓடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஓடினால் சந்தேகமே வேண்டாம், இது ஓடும் விளக்குதான்.

வெறும் ஓடும் விளக்கு என்றால் பட்டன் எதற்கு? எல்இடிகள் வட்டமாக அமைந்து, பட்டன் பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டரும் எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) இருந்தால் இது பெரும்பாலும் ரூலெட் சக்கரம், அதாவது சுழன்று ஏதோ ஓர் எண்ணில் நிற்கும் சூதாட்டச் சக்கரத்தின் விளக்கு வடிவம். பட்டனை அமுக்கும்போது கெபாசிட்டர் சார்ஜ் ஆகும். விட்டதும் மெல்ல வடியும், துடிப்புகளும் மெதுவாகும். அதனால்தான் விளக்கு வேகம் குறைந்து எங்கோ ஒன்றில் நிற்கிறது. அருமையான தந்திரம்!

சால்டர் செய்தபின் 5 வோல்ட்டில் தொடங்குங்கள், இரண்டு ஐசிக்கும் அது போதும். ஐசியின் பள்ளம் பலகையில் அச்சிட்ட பள்ளத்தோடு பொருந்துகிறதா என்று சால்டர் செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள்.